நான்காம் மாடிக் குளியலறை

பாரிசுக்கு வந்த முதல் வாரம் முழுக்கக் கவியரசன் ஒழுங்காகக் குளிக்கவில்லை. தண்ணீருக்குக் குறைவில்லை. 2012 செப்டம்பரில் பயப்படும்படியான குளிரும் இல்லை. லா சப்பல் மெட்ரோவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தப் பழைய மாணவர் விடுதியில் மாடிக்கு ஒரு குளியலறைதான் என்பதையும், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது என்பதையும் அவனுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் அம்மாவும் அக்காவும் குளித்து முடிக்கும்வரை வாசல் பக்கம் போய் நிற்கப் பழகியவன் அவன். கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது பெண்கள் விடுதி இருந்த சாலையில் ஆண்கள் நடக்கவே தடை. இங்கே கதவைத் தள்ளினால் வரிசையாக மூன்று முகம் கழுவும் தொட்டிகள். எதிரே தாழ்ப்பாள் உள்ள இரண்டு குளியல் தடுப்புகள். முதல் நாள் காலை கைலியும் தோளில் துண்டுமாக உள்ளே போனவன், ஈரத் தலையோடு பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணைக் கண்டான். அவள் நுரை வாயோடு அவனுக்குக் காலை வணக்கம் சொன்னாள். இவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். அதன் பிறகு எல்லோரும் வகுப்புக்குப் போகட்டும் என்று காத்திருந்து, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடினான்.

அந்த வாரக் கடைசியில், அவன் அக்கா ஜெயமணியோடு தொலைபேசியில் பேசுவது கேட்டு, இரண்டு அறை தள்ளியிருந்த ஒருத்தி கதவைத் தட்டினாள். பெயர் தாட்சாயினி. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஏழு வயதில் பெற்றோரோடு லு மான் நகரத்துக்கு வந்தவள். சட்டம் மூன்றாம் ஆண்டு. தமிழ் கேட்டதும் வந்துவிட்டேன் என்றாள். பேச்சுவாக்கில் அவன் குளியலறைச் சங்கடத்தைச் சொன்னான். சொல்லும்போதே காது சிவந்தது. அவள் சிரிக்கவில்லை. முதல் வருடம் தானும் ஒரு மாதம் அழுதுகொண்டு திரிந்ததாகச் சொன்னாள்.

"ஒண்டு செய்வம். வெளியிலை கதைப்பம், சிரிப்பம். உள்ளை போனால் நீங்கள் என்னைக் காணேல்லை, நான் உங்களைக் காணேல்லை. இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான் இருக்கினம். ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கிறேல்லை."

அந்த ஏற்பாடு அவனுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் அவன் போனபோது அவள் நடுத் தொட்டியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அவனும் பார்க்காமல் கடைசித் தொட்டியில் முகச் சவரம் செய்தான். தாடையில் ஒரு கீறல் விழுந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. ஒரு மாதத்தில் அவனும் நான்காம் மாடிக்காரனாகிவிட்டான்.

அவளிடம் ஒரு பொய் இருந்தது. அறையோடு சேர்ந்த குளியலறை உண்டென்று வீட்டில் சொல்லித்தான் பாரிசுக்கே வந்திருந்தாள். தகப்பன் மகேந்திரராசா லு மானில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்தார். கட்டணம் குறைந்த இந்த விடுதிதான் அவருக்குக் கட்டுப்படியாகும். தாய் பூரணிக்கோ உண்மை தெரிந்தால் பாரிசும் வேண்டாம், படிப்பும் வேண்டாம் என்பாள். மூன்று வருடமாகத் தாய் வரும்போதெல்லாம் மகள் அவளை பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலிலேயே சந்தித்து, அப்படியே சாப்பிடக் கூட்டிப் போய், இரயிலேற்றி அனுப்பிவிடுவாள். விடுதிப் படியில் கால் வைக்க விட்டதில்லை.

சனிக்கிழமைகளில் இருவருமாக லா சப்பலின் தமிழ்க் கடைகளில் காய்கறி வாங்கப் போவார்கள். முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்து விலை பேசுவது அவள். பையைத் தூக்குவது அவன். திரும்பும் வழியில் கலாவதியின் சேலைக் கடையில் ஒரு தேநீர். கலாவதி பூரணிக்குத் தூரத்து உறவு. கடைக்கு மேல்மாடியிலேயே வீடு. இரண்டாவது வாரமே அந்தக் கடையில் வைத்து, "இவர் கவி அண்ணா, எங்கடை மாடியிலைதான் இருக்கிறார்" என்று தாட்சாயினி அறிமுகப்படுத்தினாள். அண்ணா என்ற சொல் கேட்டதும் அவனுக்குள் அரும்பத் தொடங்கியிருந்த ஏதோ ஒன்று தலையைக் குனிந்துகொண்டது. அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. துணைக்கு ஒருத்தி இருந்தாள். அந்நிய ஊரில் அதுவே போதும் என்றிருந்தான்.

ஜனவரி மாதம் ஒரு நாள் காலை, அவள் போன பிறகு நடுத் தொட்டியில் சிவப்பாக ஒரு கோடு கிடந்தது. அவன் குழாயைத் திறந்துவிட்டு அதைக் கழுவினான். இரண்டு நாள் கழித்து மறுபடியும். அந்த வாரம் கடைக்குப் போனபோது அவள் மிருதுவான பல் துலக்கி ஒன்று வாங்கினாள். முரசில், அதாவது ஈறில், புண் போல என்று தானாகவே சொன்னாள். அவன் தலையாட்டினான்.

பிறகு ஒரு நாள் அவள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது மேலங்கியின் கை முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. கையில் நீலமும் கறுப்புமாகக் கன்றிப்போன திட்டுகள். ஒன்றல்ல, பல. அவன் முகத்தைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியிலும் அவளே நின்றாள். அவன் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். கையை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அன்று மாலை படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது வழக்கம்போலவே பேசினாள். அவனும் வழக்கம்போலவே பேசினான். உள்ளே கண்டதை வெளியே கொண்டுவருவதில்லை என்பதுதானே ஏற்பாடு.

ஆனால் அவனால் சும்மா இருக்க முடியவில்லை. வெறுங்கையோடு படியேறும்போதே அவள் இரண்டாம் மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தாள். முகம் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தது. பரீட்சை நெருங்குகிறது, நித்திரை போதாது என்றாள். மாடியில் இருந்த மற்றவர்களும் அவளைத் தினமும் கண்டார்கள். நீக்கிலாஸ் என்ற பையன் அவள் பக்கத்தில் நின்றுதான் பாட்டுப் பாடிக்கொண்டு தலை வாருவான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதுதான் அங்கே மரியாதை.

ஜெயமணி கடலூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாள். தோழி ஒருத்தி என்று மட்டும் சொல்லி, கண்டதை அவளிடம் சொன்னான். எத்தனை நாளாக என்று அக்கா கேட்டாள். பிறகு, "வெட்கமெல்லாம் அப்புறம் படுடா. ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு. இந்த வாரமே" என்றாள். என்னவாக இருக்கும் என்று அவன் கேட்டதற்கு, முதலில் பண்ணச் சொல்லு என்பதையே திரும்பச் சொன்னாள்.

சனிக்கிழமை தோசைக் கடையில் அவள் எதிரே உட்கார்ந்து அவன் அதைச் சொன்னான். வார்த்தைகளை இரவெல்லாம் அடுக்கி வைத்திருந்தும் வாயில் வந்தபோது தாறுமாறாக வந்தன. தொட்டியில் கிடந்த இரத்தம், கையிலிருந்த கன்றல்கள், காலில் பொட்டுப் பொட்டாகச் சிவந்திருந்த புள்ளிகள். காலைப் பற்றிச் சொன்னதும் அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அப்ப நீங்கள் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறியள்."

குரல் உயரவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் பார்த்திருந்தான், பார்க்காமல் எப்படித் தெரியும்? அவள் தன் சாப்பாட்டுக்கான காசை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

அதிலிருந்து அவள் நான்காம் மாடிக் குளியலறைக்கு வரவில்லை. காலையில் துண்டும் துணியும் வைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு கலாவதி வீட்டுக்குப் போய்க் குளித்தாள். நடைபாதையில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒதுங்கிப் போனாள். அவன் கதவுக்கடியில் வைத்துவிட்டு வந்த பரிசோதனை நிலைய முகவரி மறுநாள் குப்பைக் கூடையில் கிடந்தது. சொல்லியும் கெட்டேன், சொல்லாமலும் கெட்டிருப்பேன் என்று அவன் அக்காவிடம் புலம்பினான். அக்கா திட்டினாள்: அவள் கோபம் ஆறும்வரைக்கும் வியாதி காத்திருக்குமா என்றாள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் கலாவதி விடுதிக்கு வந்தாள். சேலைக்கு மேல் தடித்த கோட்டு. கையில் கடைச் சாவிக்கொத்து. மேலே வராமல் அவனைத் தெருவுக்குக் கூப்பிட்டாள். பிள்ளைக்குத் தலை துவட்டிவிட்டபோது கைகளைக் கண்டதாகவும், கேட்டதற்கு விழுந்துவிட்டேன் என்று சொன்னதாகவும், அந்தப் பொய்யைத் தான் நம்பவில்லை என்றும் சொன்னாள்.

"தம்பி, இருவது வரியமா இஞ்சை கடை வைச்சிருக்கிறன். அடி வாங்கின பொம்பிளையள் சட்டைக் கையை எப்பிடி இழுத்து இழுத்து விடுவினம் எண்டு எனக்குத் தெரியும். முந்தி உம்மோடை திரிஞ்சவள். இப்ப உம்மைக் கண்டால் ஒளிக்கிறாள். அந்தப் பிள்ளையிலை கை வைச்சது நீரோ?"

தலைக்கு மேல் பாலத்தில் மெட்ரோ ஓடியது. தன்மேல் விழுந்த பழி அவனுக்கு உறைக்கவே சிறிது நேரம் பிடித்தது. உறைத்ததும் கோபம் வரவில்லை. இப்படியாவது ஓர் ஆள் கேட்க வந்தாரே என்றிருந்தது.

"நான் இல்லைங்க. யாருமே அடிக்கலை. என்னை அப்புறம் என்ன வேணா சொல்லுங்க. நாளைக்குக் காலைல அவங்களை ரத்தம் டெஸ்ட் பண்ணக் கூட்டிட்டுப் போங்க."

எல்லாவற்றையும் சொன்னான். கலாவதி நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: இதெல்லாம் குளிக்கிற இடத்தில் கண்டதோ? ஆமாம், பொதுக் குளியலறைதான், அவர்கள் வீட்டுக்குத் தெரியாது என்று அதையும் சொல்லிவிட்டான். அவள் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, தாட்சாயினியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனது கலாவதிதான். காலையில் இரத்தம் எடுத்தார்கள். பிற்பகலில் அந்த நிலையத்திலிருந்தே தொலைபேசி வந்தது. வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்றார்கள். இரத்தப் புற்றுநோய். வேகமாகப் பரவுகிற வகை.

லு மானிலிருந்து தாயும் தகப்பனும் ஓடி வந்தார்கள். மகளின் உடுப்புகளை எடுக்கப் பூரணி முதன்முறையாக விடுதிப் படியேறினாள். அறையில் குளியலறையைத் தேடிக் காணாமல் நடைபாதைக்கு வந்தவள், திறந்திருந்த கதவு வழியே தொட்டிகளையும், இடுப்பில் துண்டோடு நின்று தலை வாரிக்கொண்டிருந்த நீக்கிலாசையும் கண்டாள். அவன் மரியாதையாகத் தலை குனிந்து வணக்கம் சொன்னான். அழுது வீங்கிய முகத்தோடு அவள், கலாவதி சொல்லி அறிந்திருந்த கவியரசனின் கதவைத் தட்டினாள்.

"அவள் இதுக்குள்ளையோ குளிச்சவள்?"

ஆமாம் என்றான்.

"நீரும்?"

அதற்கும் ஆமாம் என்றான். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். தூக்கித் தருகிறேன் என்று இவன் நீட்டிய கையை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

இரண்டு தடவை மருத்துவமனைக்குப் போனான். முதல் தடவை கிருமி தொற்றும் என்று உள்ளே விடவில்லை. இரண்டாம் தடவை மகேந்திரராசா வெளியே வந்து அவனைத் தேநீர் இயந்திரத்தடிக்குக் கூட்டிப் போனார். தன்மையான மனுஷன். தம்பி, நீங்கள்தான் முதல் சொன்னதாகக் கலாவதி சொன்னவ, அதை மறக்கமாட்டன் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, ஆனாலும் இனி வரவேண்டாம் என்றார். லா சப்பலில் கதை அடிபடுகிறதாம். பெட்டை சுகமாகி வந்து நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போக வேண்டியவள்.

கதை எப்படிப் பரவியது என்பதைக் கலாவதியே பின்னர் அவனிடம் சொன்னாள். அந்த ஞாயிறு மாலை பதறிப்போய்த் தன் சிநேகிதி ஒருத்தியிடம் வாய்விட்டிருக்கிறாள். அது வாய்க்கு வாய் வளர்ந்து, நகைக்கடை வாசலுக்கு வரும்போது அவனும் அவளும் ஒரே குளியலறையில் குளித்தார்கள் என்றாகிவிட்டது. சொல்லப்போனால் அது பொய்யில்லை. அதனால்தான் மறுக்கவும் வழியில்லை. காய்கறி வாங்கப் போனால் தராசுக்குப் பின்னால் நின்றவர்கள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவன் வேறு பக்கம் போய் வாங்கத் தொடங்கினான்.

ஏப்ரலில் ஒரு நாள் தாட்சாயினியே தொலைபேசி எடுத்தாள். குரல் மெலிந்து, வாயில் பஞ்சு வைத்த மாதிரி இருந்தது. தலைமயிர் எல்லாம் போய்விட்டது என்றாள். தனி அறை, தனிக் குளியலறை என்றாள்.

"அம்மாக்குச் சொன்ன பொய் இப்ப உண்மையாப் போச்சு. ஆனால் அவ கதவைத் திறந்து வைச்சுக்கொண்டுதான் நிக்கிறா, நான் விழுந்திடுவன் எண்டு."

இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் அவள் தானாகவே அந்த விஷயத்துக்கு வந்தாள். தோசைக் கடையில் கோபித்தது அவன்மேல் இல்லை என்றாள்.

"எனக்குத் தெரியும், உடம்புக்கு ஏதோ சரியில்லை எண்டு. நானும் பாக்காத மாதிரி இருந்தனான். நீங்கள் சொன்னாப் பிறகு நானும் பாக்க வேண்டி வந்திட்டுது. அதுதான் கோவம்."

வந்து பார்க்கட்டுமா என்று அவன் கேட்டான். அம்மாவின் மனம் ஆறட்டும், ஜூனில் வாருங்கள், அதற்குள் இந்தச் சிகிச்சை முடிந்துவிடும் என்றாள். பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொன்னாள். பின்னால் யாரோ கதவு திறக்கும் ஓசை கேட்டதும், சரி அண்ணா, வைக்கிறன் என்றாள்.

மே கடைசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து இரத்தத்தை வெறுமையாக்கியிருந்த நேரம் அது. எதிர்த்து நிற்க உடம்பில் ஒன்றுமில்லை. ஒரு காலை நேரம் கலாவதி விடுதிப் படியேறி நான்காம் மாடிக்கு வந்து நின்றாள். கோட்டு இல்லை, சாவிக்கொத்து இல்லை. அவன் கதவைத் திறந்ததுமே அவளுடைய முகம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அவள் அவன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து, தன்னை மன்னித்துவிடும்படி சொல்லி அழுதாள். ஆறுதல் சொல்ல வேண்டியது தானா அவளா என்று தெரியாமல் அவன் ஒரு குவளைத் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றான்.

எரியூட்டும் இடத்தில் அவன் கடைசி வரிசையில் நின்றான். தலைகள் சில திரும்பின. மகேந்திரராசா அவனைக் கண்டு தலையசைத்தார். பூரணி எவரையுமே பார்க்கவில்லை. முன்வரிசையில் கூட்டத்தோடு ஒட்டாமல், கறுப்புச் சட்டையில் நீக்கிலாஸ் நின்றான். வெளியே வந்ததும், அவளுக்கு வியாதி என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது என்று கவியரசனிடம் அழுதான். தினமும் பக்கத்தில் நின்றாயே என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூன் கடைசியில், முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு, அறையைக் காலி செய்யப் பூரணி தனியாக வந்தாள். கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. இந்தத் தடவை கவியரசன் கேட்காமலேயே பெட்டிகளைக் கட்ட நின்றான், அவள் தடுக்கவில்லை. சட்டப் புத்தகங்கள், குளிர்காலக் காலணிகள், கோயில் விபூதிப் பொட்டலம். நல்ல வெக்கை. எல்லாம் கட்டி முடிந்ததும், முகம் கழுவ வேண்டும் என்றாள். அவன் கூட்டிப் போய்க் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு, வெளியே நிற்கிறேன், யாரையும் உள்ளே விடமாட்டேன் என்றான்.

"வேண்டாம். உள்ளை வாரும்" என்றாள். "எதிலை நிண்டு முகம் கழுவுவாள்?"

நடுத் தொட்டியைக் காட்டினான். அவள் குழாயைத் திறந்து, நெடுநேரம் கைகளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தைக் கழுவிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்:

"ஆசுப்பத்திரியிலை கண்டது வேறை. அதுக்கு முந்தி மூண்டு வரியமா நான் அவளைக் காலமையிலை ஒழுங்காக் காணேல்லை தம்பி. ஒவ்வொரு நாளும் நீர்தான் கண்டனீர். காலமை எப்பிடி இருப்பாள்? சொல்லும்."

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு பெண் பல் துலக்குவதையும் தலை சீவுவதையும் அவளைப் பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அவள் காத்துக்கொண்டு நின்றாள். அவன் சொல்லத் தொடங்கினான். கண்ணை அரைவாசி மூடிக்கொண்டுதான் வருவாள். தலையை உச்சியில் ஒரு பென்சிலால் முடிந்திருப்பாள். வாயில் பல் துலக்கியோடு சட்டப் பாடத்தைப் பிரெஞ்சில் முணுமுணுப்பாள். மறந்துபோனால் காலால் தரையைத் தட்டுவாள். நீக்கிலாசின் பாட்டு சுருதி விலகினால் தொட்டியில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துவாள். குளிர் நாட்களில் சுடுதண்ணீர் வரும்வரை ஒற்றைக் காலில் நிற்பாள், ஒரு பாதத்தை மற்றதன்மேல் வைத்துக்கொண்டு.

"சின்னனிலும் அப்பிடித்தான் நிப்பாள்" என்றாள் பூரணி. அங்கே கிடந்த மர முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் தனக்குத் தெரிந்ததெல்லாம் சொன்னான். இடையில் ஒரு பெண் துண்டோடு வந்து, இவர்களைக் கண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

பெட்டிகளைக் கீழே இறக்கி வாடகை வண்டியில் ஏற்றினான். ஏறும்போது பூரணி அவனுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு படிப்பு முடிந்து அவனுக்கு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பாரிசுக்கு வெளியே பியர்ஃபித்தில் ஓர் அறை எடுத்தான். குளியலறையும் அதற்குள்ளேயே இருந்தது. குளித்துவிட்டு வெளியே வந்தால் யாரும் இல்லை. முதல் சில மாதங்கள் அந்த அமைதி அவனுக்கு ஒத்துவரவில்லை. லா சப்பலில் கதையெல்லாம் எப்போதோ அடங்கிவிட்டது. கலாவதி கடைப் பக்கம் போனால் உட்காரச் சொல்லித் தேநீர் தருகிறாள். இருவரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சில ஞாயிறுகளில் பூரணி லு மானிலிருந்து பேசுவாள். சாப்பாடு, வேலை, ஊரிலுள்ள அக்கா எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமலிருப்பாள். அந்த மௌனம் எதற்கென்று அவனுக்குத் தெரியும். பென்சில் முடிச்சையும் ஒற்றைக் காலையும் மறுபடி சொல்வான். அவன் கண்டது ஒரு குளிர்காலம் மட்டுந்தான். அதில் சொல்லாதது இனி எதுவும் மிச்சமில்லை. ஒரு தடவை, நடக்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான்: கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் ஒரு பூ வரைவாள் என்று. பூரணி ஓம், ஓம் என்று கேட்டாள். அது பொய்யென்று அவளுக்குத் தெரிந்ததா என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த தடவை பேசியபோது அந்தப் பூவைப் பற்றியும் சொல்லச் சொன்னாள்.